கண்மாய்க்கு மேலே ஒரு நேர்கோடு

ஆர்சி விமானம், அதாவது கையில் பிடித்த ரேடியோவால் தரையிலிருந்தே இயக்கும் மாடல் விமானம், ஓட்டுகிற இடத்தில் வேடிக்கை பார்க்க நிற்பவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணே, ஒரு குட்டிக்கரணம் போட்டுக் காட்டுங்க." போட்டுக் காட்டினால் விசிலடிப்பார்கள். எனக்கும் அது பிடிக்கும். ஆனால் அக்ரோபாட்டிக்ஸ் போட்டிக்கு என்று பயிற்சி எடுக்க ஆரம்பித்த பிறகு, குட்டிக்கரணத்துக்கு முன்னும் பின்னும் விமானம் போகிற நேர்கோட்டில்தான் என் நேரம் பூராவும் கழிகிறது. அந்தக் கோடு ஒழுங்காக இருந்தால் மற்ற வித்தைகள் தானாக அமைகின்றன. மதுரைப் பக்கம் இதில் இறங்க நினைக்கிற பையன்கள் அவ்வப்போது பட்டறைக்கு வந்து விசாரிக்கிறார்கள். அவர்களிடம் வாயால் சொல்லிக்கொண்டிருப்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

போட்டி எப்படி நடக்கிறது என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம். உலக அளவில் இதற்கு விதி வகுப்பது எஃப்ஏஐ என்ற சர்வதேச வான்விளையாட்டுக் கூட்டமைப்பு. ரேடியோ அக்ரோபாட்டிக்ஸ் பிரிவுக்கு எஃப்3ஏ என்று பெயர். விமானத்தின் இறக்கை அகலமும் உடல் நீளமும் தலா 2 மீட்டரைத் தாண்டக் கூடாது. பைலட் ஒரே இடத்தில் நிற்பார். அவருக்கு முன்னால் சுமார் 150 மீட்டர் தள்ளி, இடமிருந்து வலம், வலமிருந்து இடம் என்று ஒரே தடத்தில் விமானம் போய் வரும். 175 மீட்டருக்கு அப்பால் போனால் மார்க் குறையும். பைலட்டுக்கு நேர் எதிரே மையக்கோடு. அதிலிருந்து இடப்பக்கம் 60 டிகிரி, வலப்பக்கம் 60 டிகிரி, மேலே 60 டிகிரி. கண்ணுக்குத் தெரியாத இந்தப் பெட்டிக்குள் எல்லாம் நடந்து முடிய வேண்டும். எதற்குப் பிறகு எது என்பதும் முன்கூட்டியே அச்சிட்ட வரிசை. நடுவில் ஒரு வித்தை, ஓரத்தில் திரும்பி வர ஒரு வித்தை, மறுபடி நடுவில் ஒன்று என்று இடைவிடாமல் போகும்.

ஒவ்வொரு வித்தைக்கும் நடுவர் மனதில் 10 மார்க்கோடு ஆரம்பித்து, பிசகு தெரியத் தெரியக் கழித்துக்கொண்டே போவார். 15 டிகிரி விலகலுக்கு ஒரு மார்க் என்பது அடிப்படைக் கணக்கு. கிடைத்த மார்க்கை அந்த வித்தையின் கடினத்தைக் குறிக்கும் எண்ணால் பெருக்குவார்கள். கே ஃபேக்டர் என்பது அதுதான். கே 4 உள்ள வித்தையில் 6 வாங்கினால் 24. கே 2 உள்ள எளிய வித்தையில் 9 வாங்கினால் 18. ஒரு சுற்றில் அதிகம் எடுத்தவருக்கு 1000 புள்ளி, மற்றவர்களுக்கு அதே விகிதத்தில். இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுப் பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும். கஷ்டமான ஒன்றிரண்டை அசத்துவதைவிட, சுலபமான எல்லாவற்றிலும் அரை அரை மார்க் சேர்ப்பது கடைசியில் பெரிய தொகையாக நிற்கும்.

எஃப்3ஏ-வின் முதல் உலகப் போட்டி 1960-ல் சுவிட்சர்லாந்தில் நடந்தது. ஜெயித்தவர் அமெரிக்காவின் எட் காஸ்மிர்ஸ்கி. பின்னால் வந்தவர்களில் ஆஸ்திரியாவின் ஹன்னோ பிரெட்னர், பிரான்சின் கிறிஸ்டோஃப் பெசான் லெ ரூ இருவரும் பலமுறை உலக சாம்பியன் ஆனவர்கள். பெசான் லெ ரூ ஓட்டும் வீடியோக்களைத் தேடிப் பாருங்கள். விமானம் செங்குத்தாக மேலே ஏறும்போதும் மூக்கைக் கீழே வைத்து இறங்கும்போதும் வேகம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். அதைக் கவனித்த நாளிலிருந்து என் இடது கட்டைவிரல், அதாவது மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் விரல், சும்மா இருப்பதே இல்லை.

இன்னொரு வகையும் உண்டு. ஐமேக் என்று சொல்வார்கள். எக்ஸ்ட்ரா, எட்ஜ் மாதிரி உண்மையான சாகச விமானங்களின் சாயலில் செய்த மாடல்களை வைத்து ஓட்டுவது. பேசிக், ஸ்போர்ட்ஸ்மேன், இன்டர்மீடியட், அட்வான்ஸ்டு, அன்லிமிடெட் என்று படிப்படியாகப் பிரிவுகள். வரிசையைப் படமாக எழுதும் குறியீடுகளை உருவாக்கியவர் ஸ்பெயினின் சாகச விமானி ஹோசே லூயிஸ் அரெஸ்டி. ஒரு தாளில் பதினைந்து வித்தையை அடக்கிவிடும் அழகான எழுத்து அது. ஒரு நாள் உட்கார்ந்தால் படிக்கக் கற்றுக்கொள்ளலாம். நம் பக்கத்தில் நான் பார்த்த போட்டிகள் கல்லூரி விழாக்களை ஒட்டி நடப்பவை. விதிகளை இந்த இரண்டிலிருந்தும் கலந்து எடுத்துக்கொள்வார்கள். என்சிசி விமானப் பிரிவில் சேரும் மாணவர்களுக்கு ஏரோமாடலிங் பயிற்சியே உண்டு. கல்லூரியில் படிப்பவர்கள் அந்த வழியையும் விசாரிக்கலாம்.

2 மீட்டர் எஃப்3ஏ விமானம் முழுதாகச் சேர்க்கச் சில லட்சங்கள் ஆகும். நான் ஓட்டுவது 48 அங்குல இறக்கையுள்ள, பால்சா என்ற லேசான மரத்தில் செய்த விமானம், பேட்டரியோடு ஒன்றரைக் கிலோவுக்குள். மதுரைச் சூழலுக்கு இந்த அளவுதான் சரி என்று உறுதியாக நினைக்கிறேன். காரணம் பணம் மட்டும் இல்லை, பெட்டியின் கணக்கும்தான்.

2021 ட்ரோன் விதிகளின்படி, முன் அனுமதி தேவைப்படாத பச்சை மண்டலத்தில் 400 அடி, அதாவது 120 மீட்டர் உயரம் வரைதான் பறக்கலாம். விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் என்றால் 200 அடிதான். நம் விமான நிலையம் நகரத்துக்குத் தெற்கே, அவனியாபுரம், பெருங்குடிப் பக்கம். அதனால் அந்தத் திசையை மறந்துவிட்டு அழகர்கோவில், மேலூர் பக்கம் போனால்தான் 12 கிலோமீட்டர் வட்டத்துக்கு வெளியே நிம்மதியாக ஓட்ட முடியும். டிஜிட்டல் ஸ்கை என்ற அரசு இணையதளத்தின் வரைபடத்தில் இடத்தைப் பார்த்து உறுதி செய்யாமல் ரேடியோவைத் தொடாதீர்கள். மண்டலங்கள் மாறக்கூடியவை.

இப்போது கணக்கு. 150 மீட்டர் தள்ளி ஓட்டினால் 60 டிகிரி மேல்விளிம்பு 260 மீட்டர் உயரத்தில் இருக்கும். நமக்கு அனுமதி 120 மீட்டர். அப்படியானால் எவ்வளவு தூரத்தில் ஓட்டினால் 120 மீட்டருக்குள் முழுப் பெட்டியும் அடங்கும்? 120-ஐ 1.732-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 70 மீட்டர். 70 மீட்டரில் 2 மீட்டர் விமானம் முகத்துக்கு முன்னால் பறப்பதுபோல இருக்கும், 48 அங்குல விமானமோ அளவெடுத்ததுபோல நிற்கும். அந்தத் தூரத்தில் பெட்டியின் அகலம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை சுமார் 240 மீட்டர். நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் போனால் மொத்தம் 12 நொடி. ஓரத்தில் திரும்பி வந்து நிமிர்ந்த பிறகு மையம் வருவதற்குள் நாலைந்து நொடிதான் கிடைக்கும். அதற்குள் இறக்கையைச் சமன் செய்து, உயரத்தைச் சரிபார்த்து, அடுத்ததற்குத் தயாராக வேண்டும். நேர்கோட்டுக்கு ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறேன் என்பதற்கு இந்த நாலைந்து நொடிதான் காரணம்.

பெட்டியை மண்ணில் குறிக்காமல் பயிற்சி செய்வதில் பலன் இல்லை. கண் ஏமாற்றும். இதற்கு விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம், கொடிக்கயிறு போதும். 20 மீட்டர் நீளத்தில் சமமான மூன்று துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். நிற்கும் இடத்தில் ஒரு முளை. நேர் எதிரே ஒரு கயிற்றை இழுத்து இன்னொரு முளை. மற்ற இரண்டு கயிற்றையும் இந்த இரு முளைகளிலும் ஒவ்வொன்றாகக் கட்டி, இரண்டின் நுனியும் ஒரு பக்கத்தில் சேரும் இடத்தில் மூன்றாவது முளை. மூன்று பக்கமும் சமமான முக்கோணம், ஆகவே கோணம் 60 டிகிரி. அந்தத் திசையிலேயே தள்ளிப் போய் ஒரு சவுக்குக் கம்பில் சிவப்புத் துணியைக் கட்டி நட்டுவிட வேண்டும். மறுபக்கமும் அதேபோல. மையத்துக்கு நட்ட கம்புக்கு நேரே தொலைவில் ஒரு பனைமரமோ கோயில் கோபுரமோ அமைந்தால் இன்னும் நல்லது, தலையைத் திருப்பாமலே மையம் தெரியும். நாங்கள் ஓட்டும் கண்மாயில் கரையின் மேல் ஒற்றைப் பனை இருக்கிறது. முளை அடிக்கும் இடத்தை அந்தப் பனையை வைத்தே முடிவு செய்தோம்.

எந்தப் பக்கம் பார்த்து நிற்பது என்பதில் வெயிலைக் கேட்க வேண்டும். மதுரை இருப்பது ஏறக்குறைய 10 டிகிரி வட அட்சரேகையில். சித்திரை பிறக்கும் சமயம் சூரியன் நடுப்பகலில் நேர் உச்சிக்கு வரும், அதன்பின் ஆவணி முதல் பாதி வரை நமக்கு வடக்கே இருக்கும். அந்த மாதங்களில் தெற்கே பார்த்து நின்றால் வெயில் முதுகுப்பக்கம். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வீசும் காற்று வலப்பக்கமிருந்து பெட்டியின் நீளவாக்கில் வரும், அதுவும் வசதி. புரட்டாசியிலிருந்து பங்குனி வரை வடக்கே பார்த்து நிற்க வேண்டும். பலர் மைதானத்துக்கு வண்டி நுழையும் பக்கத்தை வைத்தே திசையை முடிவு செய்கிறார்கள். அப்புறம் விமானம் சூரியனுக்குள் போய் மறைகிறது. ஒரு நொடி மறைந்தாலும் 20 மீட்டர் போய்விடும்.

இனி விமானம். நான் மோட்டார் காயில் கட்டும் தொழிலில் இருப்பதால் மோட்டாரைப் பற்றி நிறையக் கேட்பார்கள். என்ன மோட்டார் என்பதற்கு நான் தரும் முக்கியத்துவம் குறைவு, அது எந்தக் கோணத்தில் பூட்டப்பட்டிருக்கிறது என்பதற்குத் தருவது அதிகம். ட்ரிம் செய்யாத, அதாவது கைவிட்டாலும் நேராகப் போகும்படி சரிசெய்யாத விமானத்தை எந்த விரலாலும் நேராக ஓட்ட முடியாது. புது விமானம் வந்தால் வாரக்கணக்கில் வித்தை எதுவும் போடாமல் ட்ரிம் மட்டுமே செய்கிறோம். அதில் ஒரு வரிசை உண்டு, அதை மாற்றக் கூடாது.

முதலில் எடை மையம். 45 டிகிரி கோணத்தில் மேலே ஏற்றி, அதே கோட்டில் விமானத்தைத் தலைகீழாகப் புரட்டி, மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டர் குச்சியை விட்டுவிடுங்கள். மூக்கு சட்டென்று தரையைப் பார்த்து வளைந்தால் முன்பக்க எடை அதிகம். பேட்டரியை ஒரு விரல் அகலம் பின்னால் தள்ளுங்கள். கோடு சற்று நேரம் நேராகப் போய், பிறகு மெதுவாகச் சரிந்தால் சரி. தலைகீழாகப் போகும்போது மேல்நோக்கி ஏறினால் பின்பக்கம் கனம். அப்படியே ஓட்டினால் எதற்கெடுத்தாலும் துள்ளும்.

அடுத்தது மோட்டார் கோணம். காற்றே இல்லாத காலையில், முழு த்ராட்டிலில் செங்குத்தாக ஏற்றி, குச்சிகளைத் தொடாமல் பார்க்க வேண்டும். இடப்பக்கம் சாய்ந்துகொண்டே போனால் மோட்டார் இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் திரும்ப வேண்டும். முதுகுப்பக்கமாக வளைந்தால் இன்னும் கொஞ்சம் கீழ்நோக்க வேண்டும். கொஞ்சம் என்றால் மோட்டார் மவுண்டின் ஒரு ஸ்குரூவுக்கு அடியில் ஒற்றை வாஷர், அவ்வளவுதான். வாஷரின் தடிமன் மில்லிமீட்டரில் பாதி இருக்கும். அதற்கே செங்குத்துக் கோடு கண் தெரிய மாறும். அடிக்கடி கழற்றி மாட்டுவதால் ஸ்குரூ தளரும், நீல நிற லாக்டைட் ஒரு சொட்டு விடுங்கள்.

மூன்றாவது இறக்கைகளின் எடை. வேகமாக வந்து எலிவேட்டரைச் சட்டென்று இழுத்து மேலே ஏற்றுங்கள். திரும்பத் திரும்பச் செய்தும் ஒரே பக்க இறக்கை தாழ்ந்தால் அந்தப் பக்கம் கனம். எதிர்ப்பக்க இறக்கை நுனியில் ஒரு ரூபாய் நாணயத்தை டேப் போட்டு ஒட்டிப் பறக்கவிட்டுப் பாருங்கள். என் விமானத்துக்கு நாணயம் சற்றே அதிகமாகி, கடைசியில் அதில் பாதிக் கனமுள்ள ஈயத் துண்டு சரியாக வந்தது. இதைச் செய்யாமல் லூப், அதாவது செங்குத்தான வட்டம், போட்டால் ஒவ்வொரு லூப்பும் கோணலாகச் சுற்றும், பைலட்டோ தன் விரல்தான் பிசகுகிறது என்று நினைத்துக்கொண்டு இறக்கையைச் சாய்க்கும் ஏலிரானால் ஓயாமல் திருத்திக்கொண்டிருப்பார்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் ரேடியோவில் மிக்ஸ். விமானத்தைப் பக்கவாட்டில் நிறுத்தி, வாலில் மூக்கை இடவலமாகத் திருப்பும் ரட்டரால் மட்டும் தாங்கிப் பிடிக்கும் நைஃப் எட்ஜில், மூக்கு வயிற்றுப்பக்கம் இழுக்கிறதா, உருள்கிறதா என்று பார்த்து, ரட்டரோடு எலிவேட்டரும் ஏலிரானும் ஓரிரு சதவீதம் தானாகச் சேரும்படி வைக்கலாம். த்ராட்டிலை முழுதாகக் குறைத்து மூக்குக் கீழே இறங்கும்போது முதுகுப்பக்கம் வளைந்தால், அதற்கும் ஒரு துளி கீழ் எலிவேட்டர். எடை மையம் சரியில்லாத விமானத்தில் மிக்ஸ் போட ஆரம்பித்தால் முடிவே இருக்காது. ஒரு பறத்தலுக்கு ஒரு மாற்றம்தான். அதை நோட்டில் எழுத வேண்டும். எங்கள் நோட்டு என் அக்கா மகனிடம் இருக்கிறது. "எலி. கீழே, பாதி திருகு" என்ற மாதிரி அவனுக்கும் எனக்கும் மட்டும் புரியும் பாஷையில் எழுதி வைத்திருக்கிறான்.

அவனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். போட்டியில் பைலட்டின் பக்கத்தில் நின்று அடுத்த வித்தையைச் சொல்ல ஒருவரை அனுமதிப்பார்கள். காலர் என்பார்கள். எனக்கு அவன்தான் காலர், பாலிடெக்னிக்கில் படிக்கிறான். வித்தையின் பெயரை அறிவிப்பது அந்த வேலையில் சின்னப் பகுதி. பைலட்டின் கண் விமானத்தை விட்டு நகராது, அதனால் தடம் மெல்ல மெல்லக் கிட்டே வருவது அவருக்குத் தெரியாது. காலருக்குத் தெரியும். "மாமா, உள்ள வருது, ஒரு இறக்கை வெளிய தள்ளுங்க" என்பான். "வெளிய" என்றால் என்னிடமிருந்து அப்பால். எவ்வளவு தள்ள வேண்டும் என்பதை மீட்டரில் சொன்னால் மூளை கணக்குப் போடப் போய்விடும், இறக்கை அகலத்தில் சொன்னால் விரல் தானே செய்யும். மையத்துக்கு முன்னால் "வருது, வருது, இப்ப" என்ற மூன்று சொல். "இப்ப" என்கிற சமயம் விமானம் கம்புக்கு நேராக இருக்கும். குரலை உயர்த்தக் கூடாது என்பதில் அவன் கண்டிப்பாக இருக்கிறான், காலர் பதறினால் பைலட்டின் கை இறுகும். வீட்டில் யாராவது ஒருவரை இந்த வேலைக்குப் பழக்குங்கள். பறக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை.

காற்று இருக்கும் நாளில்தான் அவன் அருமை புரியும். எஃப்3ஏ-வில் நடுவர் பார்ப்பது விமானம் போன தடத்தை, மூக்கு எந்தப் பக்கம் பார்த்தது என்பதை இல்லை. பக்கவாட்டுக் காற்றில் மூக்கைச் சற்றுக் காற்றுப்பக்கம் திருப்பி வைத்து, இறக்கையைச் சமமாகப் பிடித்து, தடத்தை நேராக வைத்தால் முழு மார்க். அதை ரட்டரால் செய்ய வேண்டும். இறக்கையைச் சாய்த்துச் செய்தால் அந்தச் சாய்வுக்கே மார்க் போய்விடும். செங்குத்தாக ஏறும்போதும் அதே கதை, மூக்கு லேசாகக் காற்றை நோக்கிச் சாய்ந்திருந்தால்தான் தடம் செங்குத்தாக இருக்கும். எதிர்காற்றில் நுழைந்து லூப் போட்டால், திருத்தாமல் விட்டால் நுழைந்த இடத்துக்குப் பின்னால் வந்து முடியும். ஸ்டால் டர்ன் மட்டும் வேறு விதம். மேலே ஏறி வேகம் ஓய்கிற நேரத்தில் முழு ரட்டர் கொடுத்து, இறக்கை நீளத்தில் பாதிக்குள் சுழன்று இறங்க வேண்டும். சற்று முந்திக் கொடுத்தால் பெரிய வளைவாகிவிடும், பிந்தினால் வால் வழுக்கும். நான் காதை நம்புகிறேன். விமானம் ஓயும்போது புரொப்பெல்லர் சத்தத்தில் ஒரு மாற்றம் வரும், அந்தச் சமயம்தான்.

ஆடிக் காற்றில் பயிற்சியை நிறுத்தாதீர்கள் என்று எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்கிறேன். அமைதியான காலையில் மட்டும் ஓட்டிப் பழகியவருக்குப் போட்டி நாளில் காற்று வந்தால் ரட்டர் விரலே இருக்காது. விடிந்ததும் காற்று கம்மி, ஏழரை எட்டு மணிக்கு மேல் ஏறும். நாங்கள் இரண்டையும் சேர்த்து, முதல் பேட்டரி ட்ரிமுக்கு, அடுத்தவை காற்றுக்கு என்று வைத்திருக்கிறோம்.

வரிசையை மனப்பாடம் செய்ய மொட்டை மாடி போதும். உள்ளங்கை அளவு தெர்மாகோல் விமானத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, நடந்தபடி முழு வரிசையையும் கையால் ஓட்டிப் பாருங்கள். பெரிய விமானத்தில் பறக்கும் சாகச விமானிகளும் ஏறுவதற்கு முன் இப்படித்தான் செய்கிறார்கள். தலைகீழாகப் போகும்போது எந்தப் பக்கம் ரட்டர் என்ற குழப்பமெல்லாம் இதில் தீரும். சிமுலேட்டரும் வேண்டும். ரியல்ஃபிளைட் வாங்க முடியாவிட்டால் பிக்காசிம் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் சிமுலேட்டரில் தூரம் பிடிபடாது. உருள்வதையும் புரள்வதையும் அங்கே கற்றுக்கொண்டு, தடத்தைக் கண்மாயில் கற்க வேண்டும்.

கோவைப் பக்கம் ஒரு கல்லூரி மைதானத்தில் நடந்த போட்டியில் நடுவர் பக்கத்தில் உட்கார்ந்து மார்க் எழுதும் வேலை கிடைத்தது. அவர் வாயால் சொல்வார், நான் கட்டத்தில் எழுத வேண்டும். அவர் கண் தாளுக்கு வரவே வராது. அந்த ஒரு பகலில் கற்றது பல மாதப் பயிற்சிக்குச் சமம். லூப்புக்குள் நுழையும் முன் விமானம் சமமாகப் பறக்கும் அந்தச் சின்னத் துண்டு இல்லாவிட்டால், வித்தை எங்கே ஆரம்பித்தது என்றே அவருக்குத் தெரியாது. அதற்கு உடனே கழிவு. நுழைந்த உயரமும் வெளியேறிய உயரமும் வேறாக இருந்தால் கழிவு. ரோல், அதாவது போகிற கோட்டிலேயே உருளும் வித்தை, மையத்துக்கு முன்பே முடிந்துவிட்டால் கழிவு. ஓரத்தில் திரும்பும் எளிய வித்தைகளில், யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத அரை வளைவுகளில், ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இருந்தே நிறைய மார்க் போனது. எல்லோருடைய தாளிலும் அந்த நெடுவரிசையில்தான் 6, 6.5 என்று விழுந்துகொண்டிருந்தது. போட்டி நடத்துபவர்களுக்கு எழுதும் ஆள் எப்போதும் தேவை. கேட்டால் சந்தோஷமாகத் தருவார்கள்.

மதுரை வெயிலுக்குத் தனியாகச் சில ஏற்பாடுகள். லிப்போ பேட்டரியை நிறுத்திய காருக்குள் விட்டுப் போகக் கூடாது. மீன் கொண்டுபோகும் மாதிரித் தெர்மாகோல் பெட்டியில், ஐஸ் எதுவும் இல்லாமல், நிழலில் வையுங்கள். பறந்து இறங்கிய பேட்டரி ஆறாமல் சார்ஜில் போடக் கூடாது. ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட் முழு சார்ஜ். ஓட்டாத நாட்களில் 3.8 வோல்ட்டில் வைத்திருந்தால் நீண்ட நாள் உழைக்கும். காற்றின் காரணமாகப் பறத்தலை ரத்து செய்துவிட்டு, முழு சார்ஜோடு அடுத்த ஞாயிறு வரை அலமாரியில் வைப்பதுதான் இங்கே பேட்டரிகள் உப்பிப்போவதற்குப் பெரிய காரணம். ரேடியோவில் டைமர் போட்டு, கால் பங்கு சார்ஜ் மீதம் இருக்கும்போதே இறக்கிவிடுங்கள். ஹாட் குளூ மதுரைச் சித்திரையில் இளகும், மோட்டார் பூட்டும் பலகைக்கு அரால்டைட் மாதிரி எபாக்சிதான். வெயிலில் வைத்த விமானத்தில் கவரிங் ஃபிலிம் சுருங்கி அலை அலையாக எழும்பும், குறைந்த சூட்டில் அயர்ன் பண்ணினால் சரியாகும். இறக்கையின் அடிப்பக்கமும் மேல்பக்கமும் வெவ்வேறு நிறத்தில் இருக்கட்டும். 70 மீட்டர் தள்ளி, எதிர் வெளிச்சத்தில், நிமிர்ந்திருக்கிறதா தலைகீழா என்பதை நிறம்தான் சொல்லும்.

கண்மாய் நம்முடையது இல்லை, ஊருக்குச் சொந்தம். முதலில் ஊராட்சித் தலைவரிடம் சொல்லி, காவல் நிலையத்திலும் தகவல் கொடுத்துவிட்டுத்தான் ஆரம்பித்தோம். ட்ரோன் என்று நினைத்து யாராவது பயந்தால் விளக்கம் சொல்ல அது உதவும். ஆடு மேய்க்க வருகிற பெரியவர் ஒருவரிடம் தினமும் கேட்டுவிட்டே விமானத்தை எடுக்கிறோம். "தம்பி, இன்னைக்கு நான் மடைப் பக்கம் மேச்சுக்கிறேன், நீங்க இங்கிட்டு விட்டுக்கங்க" என்பார். அவர் இங்கிட்டு மேய்க்கிற நாளில் நாங்கள் காத்திருப்போம். பைலட்டுக்கு முன்னால் மனிதரோ ஆடோ நடமாடினால் விமானம் தரையிலேயே இருக்கும், இதில் சமரசமே கிடையாது. வேடிக்கை பார்ப்பவர்களுக்கு என்று பைலட்டுக்குப் பின்னால் கயிறு கட்டிவிடுங்கள், குழந்தைகளை இதமாகச் சொல்லி உட்கார வையுங்கள்.

ஒவ்வொரு காலையும் ரேஞ்ச் செக். ரேடியோவின் சக்தியைக் குறைக்கும் அந்த மெனுவைப் போட்டு, முப்பது தப்படி நடந்து போய், எலிவேட்டர், ரட்டர் போன்றவற்றை அசைக்கும் சின்ன மோட்டார்களான சர்வோக்கள் எல்லாம் ஒழுங்காக அசைகின்றனவா என்று பார்ப்பது. புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, ரேடியோவை அணைத்தால் மோட்டார் நிற்கிறதா என்பதும். த்ராட்டிலுக்குத் தனிக் கட் சுவிட்ச் வைத்து, பேட்டரி மாட்டும் முன் அது போட்டிருக்கிறதா என்று காலர் சத்தமாகச் சொல்ல வேண்டும். 13 அங்குல புரொப்பெல்லர் விரலைப் பதம் பார்த்தால் தையல் போட வேண்டி வரும். ஒன்பது மணிக்கு மேல் தரை சூடேறி, அழகர்மலைப் பக்கமிருந்து பருந்துகள் வட்டமிட ஆரம்பிக்கும். அவை வந்தால் நாங்கள் இறக்கிவிடுவோம். வானம் அவற்றுக்கு உரியது. கண்மாய்க்குள் மயில்கள் மேய வரும் காலத்தில், இறங்கும் தடத்தை நடந்து பார்த்துவிட்டே ஏற்றுகிறோம். சீமைக்கருவேல முள்ளை அப்போதே பொறுக்கிவிடலாம், சின்ன ரப்பர் சக்கரங்களுக்கு அது எமன்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் நிறைந்தால் தை வரை, சில வருடம் மாசி வரையிலும் தரை காயாது. அந்த மாதங்களில் அறுவடை முடிந்த மேட்டு நிலம் ஏதாவது கிடைக்கிறதா என்று பார்ப்போம். கிடைக்காவிட்டால் ட்ரிம் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு சர்வோ லிங்கேஜ்களின் ஆட்டத்தைச் சரிசெய்வது, தேய்ந்த கீல்களை மாற்றுவது, அடுத்த வருட வரிசையை மாடியில் நடந்து பழகுவது. சர்வோ கையில் அரை மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தாலும் நேர்கோட்டில் தெரியும், அதனால் இந்த வேலையை நான் அவசரப்படுத்துவதில்லை.

கற்றுக்கொள்ள வருகிறவர்கள் தண்ணீரும் தொப்பியும் கொண்டு வாருங்கள். முதல் காலை ரேடியோவைக் கையில் தருவதில்லை. மதிப்பெண் தாளையும் பென்சிலையும் கொடுத்து, என் பறத்தலுக்கு மார்க் போடச் சொல்வேன். 15 டிகிரிக்கு ஒரு மார்க். யோசிக்காமல் கழிக்கலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். போட்டு முடித்த பிறகு அக்கா மகன் போட்ட தாளோடு ஒப்பிட்டுப் பார்ப்போம், வித்தியாசம் வந்த இடங்களை மறுபடி ஓட்டிக் காட்டுவேன். அடுத்த வாரத்திலிருந்து ரேடியோ.